தென் துருவத்தில் ஆண்டு முழுவதும்: ஆமுண்ட்சென்–ஸ்காட் ஆய்வு நிலையம் இயங்கும் விதம்

ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் போட வேண்டுமென்றால் கீழே பாறையோ மண்ணோ வேண்டும். புவியின் தென் துருவத்தில் பாறை இருப்பது ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் ஆழத்தில். அதுவரை பனிக்கட்டிதான். அந்தப் பனிக்கட்டியும் சும்மா கிடப்பதில்லை; ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் வீதம் வெட்டெல் கடல் பக்கமாக நகர்கிறது. மேலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் புதுப்பனி சேர்கிறது. விழுந்த பனி எதுவும் உருகுவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் 1956 நவம்பரிலிருந்து இன்றுவரை மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்துவருகிறார்கள். அமெரிக்கா நடத்தும் அந்த நிலையத்துக்கு, 1911 டிசம்பர் 14 அன்று முதலில் துருவத்தை அடைந்த ரோல் ஆமுண்ட்சென், 1912 ஜனவரி 17 அன்று அடுத்து வந்த ராபர்ட் ஸ்காட் ஆகிய இருவரின் பெயரும் வைக்கப்பட்டிருக்கிறது. 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுக்காகத் தொடங்கப்பட்ட நிலையம் இது.

துருவ ஆய்வு நிலையம் என்றதும் தொலைநோக்கிகளும் விஞ்ஞானிகளும்தான் நினைவுக்கு வருவார்கள். அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். ஜெனரேட்டர் மெக்கானிக்குகள், பிளம்பர்கள், எலெக்ட்ரீஷியன்கள், வண்டி ஓட்டுநர்கள், சமையல்காரர்கள். இந்த நிலையத்தைப் புரிந்துகொள்ள நல்ல வழி, ஒரு லிட்டர் எரிபொருள் எப்படி வந்து சேர்கிறது, எங்கெல்லாம் செலவாகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பதுதான். கட்டடத்தின் வடிவம் முதல் குளியலறைக் கட்டுப்பாடு வரை எல்லாவற்றுக்கும் காரணம் அங்கே கிடைக்கும்.

முதலில் இடம்

நிலையம் கடல்மட்டத்திலிருந்து 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. துருவங்களில் காற்றழுத்தம் இயல்பாகவே குறைவு என்பதால் உடல் உணரும் உயரம் இன்னும் அதிகம். பல நாட்களில் 3,200 மீட்டருக்கு மேல் ஏறியது போலிருக்கும். அண்டார்டிகாவின் கரையில், கடல்மட்டத்தில் இருக்கும் மெக்மர்டோ என்ற அமெரிக்க நிலையத்திலிருந்து மூன்று மணி நேர விமானப் பயணத்தில் நேராக இந்த உயரத்துக்கு வந்து இறங்குபவர்களுக்கு முதல் சில நாட்கள் தலைவலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை வருவது சாதாரணம். உயர நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு மாத்திரை தருவார்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் கனமான வேலை வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பார்கள். அது உபசார வார்த்தை அல்ல. உயர நோய் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். அப்போது ஒரே வழி நோயாளியைக் கீழே இறக்குவதுதான். அதற்கு விமானம் வேண்டும்.

ஆண்டுச் சராசரி வெப்பநிலை மைனஸ் 50 டிகிரி செல்சியஸை ஒட்டியது. இதுவரை பதிவான மிகக் குறைந்த அளவு 1982 ஜூன் 23 அன்று மைனஸ் 82.8. மிக அதிகம் 2011 டிசம்பர் 25 அன்று மைனஸ் 12.3. தென் துருவத்தில் வெப்பநிலை சுழியைத் தொட்டதாகப் பதிவே இல்லை.

சூரியன் ஆண்டுக்கு ஒருமுறை உதித்து ஒருமுறை மறையும். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் எழும் சூரியன் தொடுவானத்தை ஒட்டியே சுற்றிச் சுற்றி மெல்ல மேலேறி, மார்ச் மூன்றாம் வாரத்தில் இறங்கும். பிறகு ஆறு மாதம் சூரியன் கிடையாது. கடிகாரத்துக்கு நியூசிலாந்து நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். ஆளும் பொருளும் கிறைஸ்ட்சர்ச் வழியாக வருவதால் அதுவே வசதி. அங்கே நின்றால் எல்லாத் திசையும் வடக்கு. அதனால் கிரீனிச் தீர்க்கரேகை போகும் பக்கத்தை "கட்ட வடக்கு" என்று வைத்து, அதிலிருந்து மற்றத் திசைகளைக் குறிக்கிறார்கள்.

பனி நகர்வதால் நிலையமும் அதோடு சேர்ந்தே நகர்கிறது. எல்லாக் கட்டடங்களும் ஒன்றாக நகர்வதால் சுவர் விரிசல் விடும் பிரச்சினை இதனால் வருவதில்லை. துருவப் புள்ளியைக் காட்டும் கம்பத்தை மட்டும் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அளந்து புதிய இடத்தில் நடுகிறார்கள்.

பனியில் புதைந்த இரண்டு, தூண்மேல் நிற்கும் ஒன்று

இப்போது இருப்பது மூன்றாவது நிலையம். முதல் நிலையத்தில் 1957 குளிர்காலத்தைக் கழித்தவர்கள் 18 பேர். பனிமேல் கட்டிய அந்தக் கொட்டகைகள் சில ஆண்டுகளிலேயே பனிக்குள் போய்விட்டன. மேலே ஏறிய பனியின் எடையில் கூரை மரங்கள் முறியத் தொடங்கின. 1975 ஜனவரியில் இரண்டாவது நிலையம் திறக்கப்பட்டது. 50 மீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குவிமாடம். அதன் உள்ளே தனித்தனிக் கட்டடங்கள். குவிமாடம் காற்றையும் பனியையும் தடுத்ததே தவிர, அதன் உள்வெளி சூடாக்கப்படவில்லை. அதையும் பனி சூழ்ந்தது. வாசல் பாதை மேற்பரப்பிலிருந்து கீழே இறங்கும் சரிவாக மாறி, ஒவ்வோர் ஆண்டும் புல்டோசர் வைத்து வெட்டியெடுக்க வேண்டிய நிலை வந்தது. 2009–10 கோடையில் அதைப் பிரித்து எடுத்துவிட்டார்கள்.

வானத்திலிருந்து விழும் 20 சென்டிமீட்டர் பனி இவ்வளவு செய்யுமா என்று தோன்றலாம். கட்டடத்தைப் புதைப்பது நேராக விழும் பனியைவிட, காற்று தரையோடு உருட்டிக்கொண்டு வரும் பனிதான். காற்று எதிரே ஒரு தடையைக் கண்டதும் அதன் பின்பக்கம் வேகமிழக்கிறது. வேகமிழந்த காற்று சுமந்துவந்த பனியை அங்கேயே கொட்டுகிறது. சமவெளியில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனால்கூட, சில வாரங்களில் அதன் பின்னால் பனிமேடு வளர்ந்திருக்கும். தரையோடு ஒட்டிய எந்தக் கட்டடமும் தனக்குத்தானே குழி தோண்டிக்கொள்கிறது என்றே சொல்லலாம்.

2008 ஜனவரி 12 அன்று முறைப்படி திறக்கப்பட்ட மூன்றாவது நிலையத்தை, அதனால்தான் தரையிலிருந்து சுமார் மூன்று மீட்டர் உயர்த்தித் தூண்கள்மேல் நிறுத்தினார்கள். இரண்டு மாடி, ஏறத்தாழ 6,000 சதுர மீட்டர் பரப்பு, 36 தூண்கள். காற்று பெரும்பாலும் ஒரே பக்கத்திலிருந்து வீசும் இடம் அது. அந்தப் பக்கத்துச் சுவரின் கீழ் விளிம்பைச் சரிவாக, விமான இறக்கையின் முனைபோல் வடித்திருக்கிறார்கள். சரிவில் மோதும் காற்று கட்டடத்தின் அடியில் நெருக்கப்பட்டு வேகமெடுத்து, அங்கே தங்கப் பார்க்கும் பனியைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறது.

இது பனிக் குவியலைத் தள்ளிப்போடும் ஏற்பாடுதான்; முற்றாக நிறுத்தாது. கட்டடத்தின் பின்பக்கம் பனி சேரத்தான் செய்கிறது. கோடையில் புல்டோசர்கள் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தரைமட்டம் மிகவும் ஏறிவிட்டால் மொத்தக் கட்டடத்தையும் ஜாக்கி வைத்து இரண்டு மாடி உயரம்வரை தூக்கலாம். தூண்களைக் கட்டடத்தின் உள்ளே விடாமல் வெளியே நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்: தூக்கும்போது கூரையையோ தரையையோ உடைக்க வேண்டியதில்லை.

இன்னொரு சிக்கல் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. தூண்கள் நிற்பது இறுக்கிய பனிமேல். பனி எடையைத் தாங்கும்போதே மெல்ல அமுங்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவாக அமுங்காது. ஒரு மூலை சில சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே கதவுகள் இறுகும், குழாய் இணைப்புகள் கசியும். அதனால் கட்டடத்தை இரண்டு தனித்தனிப் பகுதிகளாகக் கட்டி, நடுவில் வளைந்துகொடுக்கும் நடைபாதையால் இணைத்தார்கள். மட்டத்தை அவ்வப்போது அளந்து, இறங்கிய தூணின்மேல் தகடுகளைச் செருகிச் சரிசெய்கிறார்கள். கட்டடத்துக்கும் பனிக்கும் நடுவே விட்ட காற்றுவெளி இங்கேயும் உதவுகிறது. உள்ளே 20 டிகிரி வெப்பத்தில் இருக்கும் தரை பனியை நேரடியாகத் தொட்டால், பனி இளகி இன்னும் வேகமாக அமுங்கும்.

எல்லாமும் மேலே இல்லை. ஜெனரேட்டர் அறை, எரிபொருள் தொட்டிகள், பண்டகசாலை, வண்டிப் பட்டறை ஆகியவை பனிக்கு அடியில், வளைவுக் கூரையிட்ட நீண்ட எஃகுக் கூடங்களில் இருக்கின்றன. உருளை வடிவக் கோபுரம் ஒன்று இரண்டையும் படிக்கட்டால் இணைக்கிறது. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போகும் பனிச் சுரங்கங்களும் கீழே உண்டு. பனிக்கட்டி மிக மெதுவாக ஒழுகும் பொருள் என்பதால் இந்தச் சுரங்கங்களின் சுவர் ஆண்டுக்காண்டு உள்நோக்கிப் பிதுங்கும்; சங்கிலி ரம்பத்தால் செதுக்கி அகலப்படுத்துவது அங்கே வழக்கமான பராமரிப்பு வேலை.

எரிபொருள் வரும் வழி

ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரி–பிப்ரவரியில், பனியுடைப்புக் கப்பல் ஒன்று ராஸ் கடலில் வழி வெட்டிக்கொடுக்க, எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் மெக்மர்டோவுக்கு வரும். அங்கிருந்து துருவத்துக்கு விமானத்தில் ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். சக்கரத்தோடு பனிச்சறுக்குக் கட்டைகளும் பொருத்திய எல்.சி.-130 விமானங்கள் இந்த வழியில் பறக்கின்றன. நியூயார்க் விமானத் தேசியக் காவல்படையின் 109ஆவது பிரிவு இவற்றை இயக்குகிறது. துருவத்தில் இறங்கியதும் இயந்திரத்தை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அந்தக் குளிரில் மறுபடி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரக்கை இறக்கி, திரும்பிப்போகத் தேவையானது போக மிச்ச எரிபொருளை விமானத்தின் தொட்டியிலிருந்தே நிலையத்துக்கு உறிஞ்சிக்கொள்வார்கள். இந்த மூன்றாவது நிலையத்தின் ஒவ்வோர் உத்தரமும் சுவர்ப்பலகையும் அந்த விமானத்தின் வயிற்றில் அடங்கும் அளவுக்குள் வடிவமைக்கப்பட்டு, நூற்றுக்கணக்கான நடைகளில் கொண்டுவரப்பட்டவை.

எரிபொருளை விமானத்தில் கொண்டுவருவதற்கே எரிபொருள் ஏராளமாகச் செலவாகும். அந்தச் செலவைக் குறைக்கத்தான் தரைவழி டிராக்டர் தொடர். மெக்மர்டோவிலிருந்து ராஸ் பனித்தட்டைக் கடந்து, லெவெரெட் பனியாற்றின்மேல் ஏறி, சுமார் 1,600 கிலோமீட்டர். 2005 இறுதியில் இந்தத் தொடர் முதன்முறையாகத் துருவத்தை எட்டியது. மெக்மர்டோவுக்கு அருகே பனித்தட்டு பிளவுபட்டுக் கிடக்கும் பகுதிதான் மிக ஆபத்து. முன்னே போகும் வண்டி நீண்ட கையின் நுனியில் தரையூடுருவும் ராடாரைத் தள்ளிக்கொண்டு போகும். பனிப்பாலத்துக்கு அடியில் பிளவு ஒளிந்திருந்தால் திரையில் தெரியும். தெரிந்ததை வெடிவைத்துத் திறந்து, பனியைத் தள்ளி நிரப்பிவிட்டுத்தான் மற்ற வண்டிகளைக் கடக்க விடுகிறார்கள். பனித்தட்டு நகர்வதால் இந்த வேலை ஆண்டுதோறும் திரும்ப வரும்.

தொடர் இழுப்பது இரும்புத் தொட்டிகளை அல்ல. வழுவழுப்பான கனத்த பாலிஎதிலீன் விரிப்பின்மேல் கட்டிய ரப்பர்ப் பைகளை. ஒரு பையில் சுமார் 11,000 லிட்டர் பிடிக்கும். கடுங்குளிரில் பனி வழுக்காது என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். சறுக்கும் பொருளுக்கும் பனிக்கும் நடுவே உரசலில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம்தான் வழுக்கலைத் தருகிறது; மைனஸ் 40, 50 டிகிரியில் அந்தப் படலம் உருவாவதில்லை, பனி மணல்போல் இழுத்துப் பிடிக்கும். கறுப்பு நிறப் பைகள் கோடை வெயிலை உறிஞ்சிச் சற்றே வெப்பமாவதால் இழுவை குறைகிறது. நன்றாக ஓடும் ஒரு தொடர் சுமார் 30 விமான நடைகளை மிச்சப்படுத்துகிறது. அந்தக் கண்டத்தில் நடந்த மிகப் பயனுள்ள பொறியியல் முன்னேற்றங்களில் இதுவும் ஒன்று என்பது எங்கள் கருத்து. தொலைநோக்கிகளுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

வந்த எரிபொருள் பனிக்கடியில் உள்ள 45 தொட்டிகளில் போய்ச் சேர்கிறது. ஒவ்வொன்றும் சுமார் 38,000 லிட்டர். மொத்தம் 17 லட்சம் லிட்டர். இது சாதாரண டீசல் அல்ல. மைனஸ் 58 டிகிரிவரை உறையாத விமான எரிபொருள் வகை. வெளியே குளிர்காலத்தில் மைனஸ் 70 போகுமே, அப்போது? அதற்குத்தான் தொட்டிகள் பனிக்கடியில். பத்து மீட்டர் ஆழத்தில் கோடையும் குளிர்காலமும் எட்டிப்பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் ஆண்டுச் சராசரியான மைனஸ் 50ஐ ஒட்டியே நிற்கும்.

ஒரு லிட்டரில் மூன்று வேலை

மின்சாரம் தருபவை 750 கிலோவாட் டீசல் ஜெனரேட்டர்கள் மூன்று. ஒன்று ஓடும், மற்றொன்று தயாராக நிற்கும், இன்னொன்று பராமரிப்பில் இருக்கும். இந்த அளவு டீசல் எஞ்சின்கள் எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் அளவைத்தான் மின்சாரமாக்கும். மீதி வெப்பமாக வெளியேறும். நம் ஊரில் அந்த வெப்பத்தை ரேடியேட்டர் வழியாகக் காற்றில் விட்டுவிடுகிறோம். துருவத்தில் அதுதான் இரண்டாவது வருமானம். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்திலும் புகைக்குழாயிலும் உள்ள வெப்பத்தை, உறையாமலிருக்க கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் கலந்த நீர்ச்சுற்று ஒன்று எடுத்துக்கொண்டு போய் அறைகளைச் சூடாக்குகிறது. அதே வெப்பம் கடைசியாகத் தண்ணீரும் தருகிறது.

தண்ணீர் கிடைக்கும் முறை, இந்த நிலையத்தில் மிக நேர்த்தியான ஏற்பாடு. முன்பு பனியை அள்ளி உருக்கும் தொட்டியில் கொட்டினார்கள். ஆள்பலமும் வேண்டும், எரிபொருளும் வேண்டும், அள்ளிய பனியில் புகைக்கரியும் எண்ணெயும் கலந்துவரும். இப்போது ரொட்ரிகஸ் கிணறு. 1960களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி முகாமில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் ரொட்ரிகஸ் உருவாக்கிய முறை. செய்முறை இப்படி:

சூடான நீரைப் பாய்ச்சிக் கீழ்நோக்கி ஒரு குழி உருக்குகிறார்கள். மேலடுக்குப் பனி துளைகள் நிறைந்தது. அங்கே உருக்கினால் நீர் பக்கவாட்டில் கசிந்துவிடும். அதனால் சுமார் 60 மீட்டருக்குக் கீழே, பனி நன்றாக இறுகிய ஆழத்தில்தான் நீரைத் தேங்க விடுகிறார்கள். பிறகு கீழே இறக்கிய பம்பு நீரை மேலே அனுப்பும். அதில் ஒரு பங்கு குடிநீர்த் தொட்டிக்குப் போகும். பெரும்பங்கு எஞ்சின் வெப்பத்தில் சூடாகி மறுபடி கிணற்றுக்கே திரும்பும். திரும்பிய வெந்நீர் சுற்றுச்சுவரை உருக்கி, பனிக்குள்ளே குமிழ் வடிவில் ஓர் ஏரியை உண்டாக்குகிறது.

இங்கே சமநிலைதான் முக்கியம். உருகுவதைவிட அதிகமாக இறைத்தால் நீர்மட்டம் வேகமாகக் கீழே போகும். வெப்பம் அனுப்புவது சில நாட்கள் நின்றால் நீர்ப்பரப்பு உறையத் தொடங்கும். நீண்டநாள் நின்றால் கிணற்றையே இழக்க நேரும். ஒழுங்காக நடந்தாலும் குமிழ் ஆண்டுதோறும் ஆழமாகிக்கொண்டே போகிறது. 150 மீட்டரை நெருங்கும்போது பம்பு செய்ய ஆகும் ஆற்றல் கட்டுப்படியாகாது. அப்போது புதிய கிணறு தொடங்கி, பழைய குழியைக் கழிவுநீர் விடப் பயன்படுத்துகிறார்கள். நிலையத்தின் குப்பை அனைத்தும், சமையலறைக் கழிவு உட்பட, தரம்பிரித்து விமானத்தில் வெளியேற்றப்படுகிறது. அங்கேயே தங்கிவிடுவது கழிவுநீர் மட்டும்தான்.

கிணற்றின் அடியில் இன்னொன்றும் சேர்கிறது. பனியோடு பனியாக நூற்றாண்டுக் கணக்கில் விழுந்த விண்கல் துகள்கள், பனி உருகும்போது அடியில் படிகின்றன. 1995இலும் 2000இலும் ஒரு கருவியை இறக்கி, அடித்தரையைத் தூசியுறிஞ்சிபோல் பெருக்கி, ஆயிரக்கணக்கான நுண்விண்கற்களைச் சேகரித்தார்கள். குடிநீர்க் கிணறே ஆய்வுக்கூடமான அபூர்வம் இது.

காலடியில் இவ்வளவு நன்னீர் இருந்தும் குளியலுக்கு வாரத்துக்கு இரண்டு முறை, தலா இரண்டு நிமிடம் மட்டுமே அனுமதி. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். மைனஸ் 50 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியைச் சுழி டிகிரிக்குக் கொண்டுவரச் சுமார் 100 கிலோஜூல். உருக்க மேலும் 334. ஒரு லிட்டர் விமான எரிபொருளில் இருப்பது ஏறத்தாழ 35,000 கிலோஜூல். துளி வெப்பம்கூட வீணாகாது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லிட்டர் எரிபொருளுக்கு 80 லிட்டர் தண்ணீர்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் வீதம் 45 பேர் செலவழித்தால் தினமும் 56 லிட்டர் எரிபொருளுக்கு இணையான வெப்பம் அதற்கே போகும். விமானம் வராத எட்டரை மாதத்துக்கு 14,000 லிட்டர்: டிராக்டர் தொடர் இழுத்துவரும் ஒரு முழுப் பையைவிட அதிகம்.

தீ என்றால் ஏன் இவ்வளவு பயம்

பனிக்கண்டத்தில் மக்கள் மிக அஞ்சுவது குளிருக்கு அல்ல, தீக்கு. வெளிக்காற்றில் ஈரமே இல்லை. அதைச் சூடாக்கி உள்ளே விடும்போது மரம், துணி, காகிதம் எல்லாம் உலர்ந்து கிடக்கும். நிலைமின்சாரம் எதைத் தொட்டாலும் பொறி தெறிக்கும். அணைக்கத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோனால் வெளியே உறைந்துவிடும். எல்லாவற்றையும்விட, எரிந்துபோன இடத்துக்கு மாற்றிடம் இல்லை. 1982 ஏப்ரலில் சோவியத் நாட்டின் வோஸ்டாக் நிலையத்தில் மின்நிலையம் எரிந்து ஒருவர் இறந்தார். மற்றவர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்து அடுப்பு செய்து குளிர்காலத்தைத் தாண்டினார்கள். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கொமாந்தாந்தே ஃபெராஸ் நிலையம் தீயில் அழிந்தது, இருவர் உயிரிழந்தனர்.

துருவ நிலையத்தின் ஒரு பகுதி இதனால்தான் தனித்து வாழத்தக்கதாகக் கட்டப்பட்டுள்ளது. கனத்த தீத்தடுப்புக் கதவுகளுக்கு அப்பால், தனக்கென ஜெனரேட்டர், சமையலறை, படுக்கையிடத்தோடு இருக்கும் அந்தப் பகுதியை உயிர்காப்புப் படகு என்றே நினைக்கலாம். தீயணைப்புப் படை என்று தனியாக யாரும் குளிர்காலத்தில் இல்லை. சமையல்காரரும் வானியலாளரும் பிளம்பரும் பயிற்சி பெற்று அந்த வேலையையும் செய்கிறார்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு

முதல் காரணம் பனிக்கட்டியே. எதிலும் மோதாமல் ஊடுருவிப் போய்விடும் நுண்துகள்களான நியூட்ரினோக்களைப் பிடிக்கும் ஐஸ்கியூப் என்ற கருவி, ஒரு கன கிலோமீட்டர் பனியைக் கண்ணாடிபோல் பயன்படுத்துகிறது. நியூட்ரினோ அபூர்வமாக ஓர் அணுவில் மோதும்போது உண்டாகும் துகள்கள் மெல்லிய நீல ஒளி வீசும். அதைப் பிடிக்க 86 துளைகளில் 5,160 ஒளியுணரிகளை 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழம்வரை தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏன் 1,450இலிருந்து? அதற்கு மேலே பனியில் காற்றுக்குமிழ்கள் இருக்கும், ஒளியைச் சிதறடிக்கும். அந்த ஆழத்துக்குக் கீழே அழுத்தம் மிகுந்து, காற்று பனியின் படிகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது, பனி தெளிவாகிறது.

துளை போட்டது வெந்நீர். கிட்டத்தட்ட கொதிநிலையில் உள்ள நீரைப் பீய்ச்சி, 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் உருக்க ஏறக்குறைய இரண்டு நாட்கள். துளை உடனே உறைந்து குறுகத் தொடங்கும் என்பதால் உணரி வடத்தைத் தாமதிக்காமல் இறக்கியாக வேண்டும். உறைந்தபின் எதையும் எடுத்துப் பழுதுபார்க்க முடியாது. 2010 டிசம்பரில் வேலை முடிந்தது. 2013இல் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த உயராற்றல் நியூட்ரினோக்களைக் கண்டதாக அறிவித்தார்கள். 2017 செப்டம்பர் 22 அன்று பதிவான ஒரு நியூட்ரினோ, டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மையத்தைச் சுட்டியது.

இரண்டாவது காரணம் காற்று. நீராவி உறைந்து விழுந்துவிட்ட, உயரமான, நிலையான காற்று. மில்லிமீட்டர் அலைகளுக்கு இதைப்போல் திறந்த வானம் புவியில் வெகு சில இடங்களில்தான். துருவத்தில் விண்மீன்கள் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஒரே உயரத்தில் சுற்றுகின்றன. வானத்தின் ஒரே துண்டை மாதக்கணக்கில் இடைவிடாமல் பார்க்கலாம். 2007இல் பார்வையைத் திறந்த 10 மீட்டர் தென் துருவத் தொலைநோக்கி, பெருவெடிப்பின் எஞ்சிய ஒளியை ஆராய்கிறது. நம் பால்வீதி மையத்துக் கருந்துளையின் படத்துக்குத் தரவு தந்த தொலைநோக்கிகளில் அதுவும் ஒன்று. 2017 ஏப்ரலில் எடுத்த அந்தத் தரவு வன்தட்டுகளில் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்து, விமானம் வந்தபின், டிசம்பரில்தான் ஆய்வாளர்கள் கைக்குப் போனது. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்பவை. துருவத்திலிருந்து அவை தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். பாதை சாய்ந்துபோன சில பழைய செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில மணி நேரம் தலைகாட்டும்போது மட்டுமே பெரிய அளவில் தரவு அனுப்ப முடிகிறது.

மூன்றாவது, தூய்மை. காற்று வரும் திசையில் ஒரு பெரும்பகுதியில் வண்டியோ விமானமோ போகக் கூடாது. அதன் விளிம்பில் உள்ள வளிமண்டல ஆய்வுக்கூடம் புவியின் மிகத் தூய காற்றை அளக்கிறது. இங்கே 1957இலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளக்கப்படுகிறது. 2016 மே 23 அன்று அது பத்து லட்சத்தில் 400 பங்கைத் தாண்டியது. ஆலையோ வாகன நெரிசலோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு இல்லாத இடத்தில் எடுத்த அளவு என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு.

பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை

கோடையில் சுமார் 150 பேர். பிப்ரவரி நடுவில் கடைசி விமானம் போனதும் ஏறக்குறைய 45 பேர் தங்குகிறார்கள். மருத்துவப் பரிசோதனை, பல் பரிசோதனை, மனநலப் பரிசோதனை மூன்றிலும் தேறியவர்களுக்குத்தான் குளிர்காலத்தில் இடம். மருத்துவ வசதி அடிப்படையானது. பெரிய அறுவை சிகிச்சைக்கு வழியில்லை. 1999இல் அங்கிருந்த மருத்துவரே தனக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதைக் கண்டுபிடித்தார். வானிலிருந்து போடப்பட்ட மருந்துகளை வைத்து, அக்டோபரில் விமானம் இறங்கும்வரை தானே சிகிச்சை எடுத்துக்கொண்டார். நடுக்குளிர்காலத்தில் ஆளை மீட்டது மிகச் சில முறையே. 2016 ஜூனில் கனடாவிலிருந்து கிளம்பிய சிறிய ட்வின் ஆட்டர் விமானம் அண்டார்டிகத் தீபகற்பத்தின் ரொதெரா நிலையம் வழியாக, 2,400 கிலோமீட்டர் இருளில் பறந்து வந்து நோயாளிகளை ஏற்றிச் சென்றது. பெரிய எல்.சி.-130ஐவிட அது கடுங்குளிரைத் தாங்கும்; அதன் எளிய அமைப்பே அதற்குப் பலம்.

அன்றாட வேலைக்கு வெளியே போவது தொலைநோக்கி இருக்கும் பகுதிக்கு ஒரு கிலோமீட்டர் நடை. விளக்கு வெளிச்சம் துருவஒளி ஆய்வுக் கருவிகளைக் கெடுக்கும் என்பதால் நிலையத்தின் சன்னல்களை மூடிவிடுவார்கள்; நடப்பவர்கள் மங்கிய சிவப்பு விளக்கோடு, வரிசையாக நட்ட கொடிகளைப் பிடித்துப் போக வேண்டும். மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து உறையும் என்பது சிறு தொல்லை. மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை மடக்கினால் உடையும், சாதாரண எஃகு நொறுங்கும், பேட்டரி திறன் இழக்கும் என்பவை பெருந்தொல்லை. சின்னப் பழுதை வெளியே நின்று கையுறையோடு சரிசெய்ய உள்ளே ஆவதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும். மண்ணில்லாமல் விளக்கொளியில் வளரும் கீரைக்கும் தக்காளிக்கும் அந்த மாதங்களில் உணவைத் தாண்டிய மதிப்பு இருக்கிறது. அந்த அறை ஒன்றுதான் ஈரமும் பச்சை நிறமும் உள்ள இடம்.

இந்திய நிலையங்கள்

அண்டார்டிகாவில் இந்தியாவின் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரி 1980களின் தொடக்கத்தில் பனித்தட்டின்மேல் கட்டப்பட்டது. அதுவும் பனியில் புதைந்து, பத்தாண்டுக்குள் கைவிடப்பட்டது. அதன்பின் கட்டிய மைத்ரியும் (1989) பாரதியும் (2012) பாறைமேல் நிற்கின்றன. மைத்ரிக்குத் தண்ணீர் பக்கத்திலுள்ள பிரியதர்ஷினி ஏரியிலிருந்து வருகிறது. 134 கப்பல் கன்டெய்னர்களை இணைத்துத் தூண்கள்மேல் கட்டிய பாரதி, கடல்நீரை உப்பு நீக்கிப் பயன்படுத்துகிறது. அங்கேயும் ஜெனரேட்டரின் கழிவு வெப்பம்தான் அறைகளைச் சூடாக்குகிறது. இரண்டையும் கோவாவிலுள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் நடத்துகிறது. மருத்துவர், சமையல்காரர், வண்டி மெக்கானிக், எலெக்ட்ரீஷியன் போன்ற பணிகளுக்கு அந்த மையம் அவ்வப்போது ஆளெடுக்கிறது. தேர்வானவர்கள் மருத்துவப் பரிசோதனையில் தேறி, உத்தராகண்டின் ஆலியில் பனிப் பயிற்சி முடித்தபின் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாகப் புறப்படுகிறார்கள்.